தலை முடிபவளின் இடது காது

பாரிஸ், 9 பிப்ரவரி 1911

அன்புள்ள சிதோனிக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று சொன்ன வைத்தியரைப் பிடித்து ஒரு பிப்ரவரி மாதம் முழுக்க தியெப் துறைமுகத்தில் நிற்கவைக்க வேண்டும். எனக்குத் தொண்டை கட்டி மூன்று நாளாகப் பேச முடியவில்லை. உன் அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நிச்சயதார்த்தச் செய்தி கேட்டு நான் அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆனால் அழுதேன். மருந்துக்கடைக்காரர், சொந்தக் கடை, குடிப்பழக்கம் இல்லை. வேறென்ன வேண்டும்? உன் வருங்கால மாமியாரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இரு. பெரிய மகனுக்குப் பார்த்த பெண்ணை, சைக்கிள் ஓட்டினாள் என்பதற்காக வேண்டாம் என்றவள் அவள் என்று நீயே எழுதியிருந்தாய்.

இங்கே ஒரு வேடிக்கை. உன் அத்தானின் படப்பைத்தியம் உனக்குத் தெரியும். செப்புத்தகட்டில் ஊசியால் கீறி அச்செடுத்த தாள் என்றால் பசி தூக்கம் கிடையாது. ஆனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு படத்துக்கு ஒரு தாள்தான். "ரெண்டாவது வாங்குறவன் சேகரிக்கிறவன் இல்ல ஒதீல், மளிகைக்கடைக்காரன்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறார். போன மாதம் வோக்லேன் என்கிற சித்திரக்காரன் கீறிய ஒரு படம் கொண்டுவந்தார். ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்து தலை முடிகிறாள். இந்த வாரம் அதே படத்தை மறுபடியும் கொண்டுவந்திருக்கிறார். கேட்டால், "இது அதவிட நல்ல தாள்" என்கிறார்.

நானும் பதினோரு வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன். ஊசி கீறும்போது தகட்டில் எழும் பிசிறுதான் மையைப் பிடித்துக் கூந்தலைக் கறுப்பாக்கும், அச்செடுக்க எடுக்க அது தேய்ந்துவிடும், முதல் தாள்தான் தாள் என்று சூப்பு ஆறும்வரை உபதேசம் கேட்டவள். அவர் கொண்டுவந்த இரண்டாவது தாள் நன்றாகத் தேய்ந்தது. கூந்தல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஏன் பொய் சொல்கிறார்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்துக்கு உல்லன் மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதே.

உன் அக்கா,
ஒதீல்


தியெப், 21 பிப்ரவரி 1911

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தொண்டைக்கு ஒனொரே ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார். இதோடு அனுப்புகிறேன். ராத்திரி தடவிக்கொண்டு பேசாமல் படுக்கவேண்டுமாம். பேசாமல் என்பதை அவர் சொல்லவில்லை, நான் சேர்த்தது.

என் மூட்டு பரவாயில்லை. அவர் மருந்துக்கடையை இப்போதுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். பீங்கான் ஜாடிகள் எல்லாம் வரிசையாக, ஒரு தூசு இல்லை. முன்பக்கக் கண்ணாடியில் அவர் பெயரைப் பொன் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே நின்றால் அது வலமிடமாகத் திரும்பித் தெரிகிறது. அதை அப்படியே வாசித்துக் காட்டிச் சிரிக்கிறார், ஏதோ ரஷ்யாக்காரன் பெயர் மாதிரி இருக்கிறது. "நாள் பூரா உள்ள நிக்கிறேன், எனக்கு இதுதான் என் பேரு" என்கிறார். ஜூன் கடைசியில் கல்யாணம் என்று அவர் அம்மா முடிவு செய்துவிட்டாள்.

படங்களைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அத்தானை எதற்குத் துருவுகிறாய். ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டும். குடிக்கிறவருக்கு இவர் மேல்.

அன்புடன்,
சிதோனி


பாரிஸ், 14 மார்ச் 1911

அன்புள்ள சிதோனிக்கு,

களிம்பு கைகண்ட மருந்து. குரல் வந்துவிட்டது. உன் அத்தான் உன் மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லவில்லை.

நீ சொன்னபடி துருவாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் அதே படம் மூன்றாவது வந்தது, நாலாவதும் வந்தது. இப்போது அவற்றை மற்றவற்றோடு வைப்பதில்லை, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். சாவியை மூக்குப்பொடி டப்பாவில் ஒளிக்கிறார். அவர் பொடி போடுவதை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று, இதுகூட எனக்குத் தெரியாதா?

நேற்று அவர் ஏலத்துக்குப் போனதும் திறந்தேன். ஒரே பெண், ஒரே முதுகு, தாள் தாளாக. பின்சுவர் மட்டும் ஊசி வேலை இல்லை. பிசின்பொடி தூவி அமிலத்தில் அரிக்கவிட்ட அக்வாடின்ட், ஈரச்சுவர் போல மங்கலாக இருக்கிறது. வெட்கமில்லாதவள், இடுப்புவரை துணி கிடையாது. முகம் தெரியவில்லை. கூந்தலை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்கிறாள், மற்றதில் சீப்பு. காதுக்குக் கீழே, கழுத்தில், அவரைவிதை அளவுக்கு ஒரு தழும்பு.

எனக்கு ஒரு நிமிஷம் உன் நினைப்பு வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். நீ சிறுமியாகக் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று முடி சுருட்டும்போது அத்தை சூட்டுக்கம்பியை வைத்தாளே, அந்த இடம், அந்த அளவு. ஆனால் இவளுக்கு அது இடது காதுக்குக் கீழே இருக்கிறது. உனக்கு வலது. அதுவுமில்லாமல் இவள் சீப்பை இடது கையில் பிடித்திருக்கிறாள். அந்த வோக்லேன் கீறுகிற ஆட்கள் எல்லாருமே இடதுகைக்காரர்கள்தான் போல. குடிக்கிறவன் இடது கையால் குடிக்கிறான், தைக்கிறவள் இடது கையால் தைக்கிறாள். எங்கிருந்துதான் பிடிக்கிறானோ.

என் புத்தியை நினைத்து நானே சிரித்தேன். நீயும் சிரி.

ஆனாலும் அவள் யார்? அவரைக் கேட்கமாட்டேன். கேட்டால் பெட்டி இடம் மாறிவிடும்.

உன் அக்கா,
ஒதீல்


பாரிஸ், 30 மார்ச் 1911

சிதோனி,

உடம்பு சரியில்லையா? தபால்காரன் போகும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்க்கிறேன். சிரி என்று எழுதினால் சிரித்தேன் என்று ஒரு வரி எழுதக்கூடாதா?

ஐந்தாவது தாள் வந்துவிட்டது.

ஒதீல்


தியெப், 10 ஏப்ரல் 1911

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே. தவசுகால வேலை, தையல்காரி வருகிறாள் போகிறாள், ஒனொரேவின் அம்மா எதிலும் திருப்திப்படுவதில்லை. கல்யாண உடுப்புக்குக் கழுத்து உயரமாக இருக்கவேண்டும் என்கிறாள், எனக்கும் அதுதான் நல்லதாகப்படுகிறது. இங்கே மீன் மலிந்துவிட்டது. போன ஞாயிறு ஸோல் மீனை வெண்ணெயில் வறுத்திருந்தாள், அதில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் சௌக்கியம். உனக்கு இருமல் மறுபடி வரவில்லையே?

பாஸ்காத் திருநாளில் உன்னையும் அத்தானையும் நினைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
சிதோனி

அந்தப் பெட்டியை இனித் திறக்காதே, அக்கா. நம்முடையது அல்லாததைத் திறந்தால் நிம்மதி போய்விடும்.


பாரிஸ், 19 ஏப்ரல் 1911

அன்புள்ள சிதோனிக்கு,

மீன் மலிந்த கதையை வாசித்தேன். சந்தோஷம்.

இப்போது என் கதையைக் கேள். நேற்று மாடிப்படியில் வாசல்காரி மதாம் புலார் என்னை நிறுத்தினாள். விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அவள் நின்றால் ஏதோ ஒரு குடும்பத்துக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம்.

"ஒன்னுமில்ல மதாம், தியெப்லேர்ந்து அய்யா பேருக்கு வர்ற கடுதாசிய அவரு கையிலதான் குடுக்கணும்னாரு. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. நாம எதுக்கு ஊர் வம்பு."

"எத்தன வந்துச்சு?"

"நான் என்ன எண்ணிக்கிட்டா இருக்கேன்? ஆனா பொம்பள கையெழுத்து. உருண்ட உருண்டையா."

தியெப்பில் உருண்டைக் கையெழுத்து யாருக்கு இருக்கிறது, சிதோனி?

இன்னொன்று. கையுறை வாங்கப் போன இடத்தில் உன் பழைய முதலாளி, தொப்பிக்கடை மதாம் ரூசெலைப் பார்த்தேன். பாரிஸில் இருந்த கடைசிக் கோடையில் என் தங்கைக்கு வேலை கொடுத்து வைத்திருந்தீர்களே, நல்லது என்றேன். அவள் முழித்தாள். "கோடையில யாரு தொப்பி வாங்குறா? அந்த வருஷம் எல்லாப் பொண்ணுங்களையும் அனுப்பிட்டேனே" என்றாள். கடையில் வேலை இருக்கிறது, ஞாயிறுகூட விடமாட்டேன் என்கிறார்கள் என்று நீ அப்போது எனக்குச் சொன்னாய். நான் பேன்கேக் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்தக் கோடை முழுக்க உன் அத்தானும் "ஏலம், ஏலம்" என்று அலைந்தார். பதில் எழுது. மீனைப் பற்றி வேண்டாம்.

ஒதீல்


பாரிஸ், 3 மே 1911

சிதோனி,

பதில் இல்லை. சரி. நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் மனசில் ஆயிரம் ஓடினாலும் அந்தப் பெண் நீ இல்லை என்பதற்குத் தேவனே ஒரு அடையாளம் வைத்திருக்கிறார், தழும்பு இடது பக்கம். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரம் சோறு தண்ணி இறங்கியது. ஆகவே கடிதங்களுக்கு வேறு காரணம் இருக்கும், நீ சொல்லு, நான் நம்பிவிடுகிறேன் என்று

நிறுத்தினேன். மை காயவில்லை என்று ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் உன் பெயர் அதில் திரும்பி விழுந்திருக்கிறது. வலம் இடமாக.

தகட்டில் கீறியதைத் தாளில் ஒற்றினாலும் இப்படித்தானே விழும். வோக்லேன் ஆளை எதிரே உட்காரவைத்து நேராகத் தகட்டிலேயே கீறுவான், இடையில் வரைபடம் கிடையாது என்று உன் அத்தான் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறார். பதினோரு வருஷம் செவிடு மாதிரி கேட்டிருக்கிறேன். அவன் ஆட்கள் யாரும் இடதுகைக்காரர்கள் இல்லை.

பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்து, அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன்.

கண்ணாடிக்குள் நீ உட்கார்ந்திருந்தாய்.

ஒதீல்


பாரிஸ், 5 மே 1911

சிதோனி,

இன்று காலை கல்யாணப் பரிசு அனுப்பிவிட்டேன். உனக்கல்ல, உன் ஒனொரேவுக்கு, கடை விலாசத்துக்கு. உருளையாகச் சுற்றி, ஈரம் படாமல் மெழுகுத்துணி போட்டு அனுப்பியிருக்கிறேன். பெட்டியில் இருப்பதிலேயே கறுத்த தாள், கூந்தல் வெல்வெட் மாதிரி இருக்கும். உன் அக்கா கஞ்சத்தனம் செய்தாள் என்று யாரும் சொல்லக்கூடாது.

அவன் பார்க்கட்டும். அவன் அம்மாவும் பார்க்கட்டும். சைக்கிளைவிட இது எப்படி என்று சொல்லட்டும்.

ஒதீல்


தியெப், 7 மே 1911

அக்கா,

இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. பரிசு இன்னும் வரவில்லை.

அது நான்தான். அத்தானுக்கு அதில் சம்பந்தமில்லை. நீ நினைப்பது எதுவும் இல்லை.

அந்தக் கோடையில் கடையில் எங்களை அனுப்பிவிட்டார்கள். அறைக்கு வாடகை இல்லை, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஒருவேளை தின்றேன். உன்னிடம் வந்திருக்கலாம். வந்தால் சாப்பாடு போடுவாய், தட்டை வைக்கும்போதே "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று தொடங்குவாய். அந்தச் சோறு எனக்கு இறங்காது. வோக்லேனுக்கு முதுகு காட்டி உட்கார ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். அவர் மனைவி எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் அந்தப் பட்டாணியில் எனக்கும் ஒரு கிண்ணம் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இருபது தாள் அச்செடுத்துவிட்டு, இனி எடுக்க முடியாதபடி தகட்டைக் குறுக்கே கீறிப் போட்டுவிட்டார்கள்.

இந்த ஜனவரியில் அத்தான் சேன் தெருவில் படம் விற்கிற வியாபாரியிடம் அந்தத் தாளைப் பார்த்தார். தாளைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு முதலில் திருப்பிப் போட்டுத்தான் தெரியும். கண்டுபிடித்துவிட்டார். "இது நீதானே, பயப்படாதே" என்று எழுதினார். ஒனொரே அம்மாவின் தங்கை பாரிஸில் இருக்கிறாள், அக்கா. அவளும் படம் வாங்குகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் எல்லாத் தாளையும் வாங்கி எரித்துவிடுங்கள் என்று அத்தானிடம் அழுது எழுதினேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றதும் நான்தான். உன் வாயில் எதுவும் தங்காது, உனக்கே தெரியும்.

அவர் வாங்கினார். எரிக்கத்தான் கை வரவில்லை.

நேற்றிலிருந்து காலையும் மாலையும் அந்தக் கடை வாசலில் போய் நிற்கிறேன், தபால்காரனைப் பிடிக்க. ஒனொரே நான் அவரைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறார். எனக்கு அவரைப் பிடிக்கும், அக்கா. நான் அதை உனக்கு எழுதவே இல்லை போலிருக்கிறது.

சிதோனி


பாரிஸ், 8 மே 1911

என் சிதோனி,

என் கையை முறிக்கவேண்டும். தபால் ஆபீசுக்கு ஓடினேன். போனது போனதுதான் மதாம் என்று கதவடைத்துவிட்டான். உருளை ஈரமாகட்டும், தொலையட்டும், எலி தின்னட்டும் என்று வேண்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

உன் கடிதத்தை உன் அத்தான் முன்னால் போட்டேன். முழுவதும் வாசித்தார். முதல் வார்த்தை என்ன கேட்டார் தெரியுமா? "எந்தத் தாள அனுப்பினே?"

"கறுத்தத."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அறிவிருக்கா? எரிச்சிருந்தா இந்த வம்பே இல்லல்ல" என்றேன்.

"அந்தக் கூந்தலப் பாத்தியா ஒதீல்? அத எப்பிடி எரிக்கிறது?"

"சரி, தேஞ்ச தாளையாவது எரிச்சிருக்கலாமே."

"அது இல்லாம நல்லத எதோட ஒப்பிட்டுப் பாக்குறது?"

நான் அடுப்பை மூட்டினேன். எல்லாவற்றையும் போட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், தடுக்கவில்லை. அழுதாரா என்று பார்க்கவில்லை, எனக்கே கண் தெரியவில்லை. அவர் வாங்காத மிச்சமெல்லாம் கடல்தாண்டி அமெரிக்காவுக்குப் போய்விட்டதாம், வியாபாரி சத்தியம் செய்கிறான். இங்கே மீதி அந்த ஒன்றுதான், நான் என் கையால் மெழுகுத்துணி சுற்றியது.

அந்த மனிதரை நான் சந்தேகப்பட்டேன். உன்னையும். என்ன நடந்தாலும் எழுது. கல்யாணம் நின்றால் நேரே இங்கே வா, தட்டு வைக்கும்போது நான் வாயைத் திறக்கமாட்டேன்.

உன் அக்கா,
ஒதீல்


தியெப், 30 மே 1911

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் உன்னை வாட்டியதற்கு மன்னித்துவிடு. என்ன எழுதுவது என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போதும் முழுக்கத் தெரியாது.

உருளை நான் இல்லாத நேரத்தில் வந்துவிட்டது. ஒனொரே அதைப் பிரிக்காமல் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் எல்லார் முன்னாலும் பிரித்தார். "உங்க அக்கா அனுப்பியிருக்காங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"துணியில்லாம ஒரு பொம்பள" என்றாள். பிறகு இன்னும் குனிந்தாள். "இது என்னடா, இவ கழுத்து மாதிரியே இருக்கு."

ஒனொரே தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, என் மோவாயைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"இல்லம்மா. நல்லாப் பாருங்க, இவளுக்குத் தழும்பு வலது பக்கம். அவளுக்கு எடது. சீப்பக்கூட எடது கையிலதான் புடிச்சிருக்கா."

அம்மா என் கழுத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல வேள" என்றாள். "பாரிஸ்காரங்க குடுக்கவேண்டிய பரிசு இதுதானா" என்று ஒரு குத்து, அதோடு சரி. விலை உயர்ந்த பொருள் என்று ஒனொரே சொன்னதும் அதை உள்ளே வைக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. "வந்தது வந்துடுச்சு, கூடத்துலயே மாட்டிடு. கணப்புக்கு மேல கண்ணாடி இருக்குல்ல, அதுக்கு நேர் எதிர்ச் சுவத்துல. உக்காந்த எடத்துலேர்ந்து ரெண்டு தரம் பாக்கலாம்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒனொரே தாளைச் சுற்றிவிட்டார்.

"அங்க வேணாம்மா. வெயில் பட்டா மை வெளுத்துடும். நான் என் ரூம்ல வச்சிக்கிறேன்."

அம்மா சரி என்று காப்பி ஊற்றப் போய்விட்டாள். கல்யாணம் சொன்ன தேதியில்தான். நீயும் அத்தானும் முதல் நாளே வந்துவிடவேண்டும், அத்தானுக்கு ஸோல் மீன் என் பொறுப்பு.

என்னை வழியனுப்பக் கடை வழியாகக் கூட்டி வந்தார். கண்ணாடியில் அவர் பெயர் எப்போதும்போலத் திரும்பித் தெரிந்தது. அன்றைக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. என் உல்லன் மஃப்ளரைக் கழுத்தைச் சுற்றி, வலது காதுவரை இழுத்துவிட்டு, "பாத்துப் போ" என்றார்.

அந்தக் கூடம் வடக்குப் பார்த்தது, அக்கா. நான் அறிய அங்கே ஒரு நாளும் வெயில் வந்ததில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சிதோனி